உதடு சிவந்த பூ

லாரி ஓட்டுகிற மச்சினன் வீட்டுப் பால்கனியில் பூத்திருந்த ஆர்கிட்டைப் பார்த்ததும் வெல்டருக்கு வயிறு எரிந்தது. கேஸைத் திறந்து பற்றவைத்தது போல, குப்பென்று எரிந்தது.

ஒரே தண்டில் ஏழு பூ. இதழெல்லாம் வெள்ளை. நடுவில் உதடு போலத் தொங்கும் இதழில் மட்டும் இளம்பச்சை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தப் பூவைத்தான் அவர் மனசில் வைத்திருந்தார். அதற்காக இந்த வகையையும் அந்த வகையையும் சேர்த்துச் சேர்த்து, காய் முற்றும்வரை காத்துக் கிடந்து, தூசி போன்ற விதையைக் குக்கரில் அவித்த பாட்டில்களில் தூவி முளைக்கவைத்தார். "இந்த வீட்டுல சோறு வெந்ததைவிட பாட்டில் வெந்ததுதான் ஜாஸ்தி" என்பாள் பெண்டாட்டி. பகலெல்லாம் கப்பலின் அடித்தட்டில் குப்புறப் படுத்து இரும்பை ஒட்டிவிட்டு வந்து, தீப்பொறி பட்டுக் காய்த்துப்போன அதே விரல்களால் நூல் கனத்து நாற்றுகளைப் பிரித்து நடுவார்.

மச்சினன் வீட்டில் பூத்த இதுவும் அவருடைய பாட்டிலில் முளைத்ததுதான். அங்கேதான் குடைந்தது. நாற்றுகளைப் பிரித்தபோது கொழுத்ததையெல்லாம் தன் கொட்டகையில் வைத்துக்கொண்டு, சோப்ளாங்கியாக நின்ற நாலைந்தை மச்சினன் தலையில் கட்டிவிட்டார். மெதுவாக வளர்கிற நாற்றில் சில சமயம் நல்ல சரக்கு ஒளிந்திருக்கும் என்று இந்தக் கிறுக்குப் பிடித்த எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். இடம் பற்றவில்லை, கொடுத்துவிட்டார்.

கொழுத்தவை எல்லாம் பூத்துவிட்டன. அழுக்கு ரோஸ். சாயம் போன பனியன் நிறம்.

"எப்படி அத்தான் இருக்கு?" என்றான் மச்சினன்.

"பரவாயில்ல மாப்ள. தண்டுதான் கொஞ்சம் வளைஞ்சிருக்கு."

"நீங்க சொன்ன மாதிரியேதான் தண்ணி விட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"காயவிட்டுக் காயவிட்டு ஊத்தணும்னீங்களே. நான் லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டா உங்க தங்கச்சி ஊத்தவே மாட்டா. நல்லாக் காஞ்சுது."

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி, "ஆமா, நான் பெத்த ரெண்டுக்கு ஊத்தவே எனக்குக் கை பத்தல" என்றாள். மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். வெல்டரும் பல்லைக் காட்டினார்.

"ஞாயித்துக்கிழமை கண்காட்சிக்கு எடுத்துட்டு வர்றேன் அத்தான். நீங்க உண்டாக்குனதுன்னு அட்டையில போட்டுருவாங்கல்ல?"

போடுவார்கள். கீழே, எறும்பு எழுத்தில். பரிசு வளர்த்தவனுக்கு. வெல்டருக்கு இரண்டாம் பரிசு வந்திருக்கிறது, ஆறுதல் பரிசு எத்தனையோ வந்திருக்கிறது. முதல் பரிசு ஒருமுறைகூட வந்ததில்லை. இவன் முதல்முறையாகப் பூக்கவைத்தவன். வாங்கிக்கொண்டு போகப் போகிறான்.

மச்சினன் லோடு ஏற்றிக்கொண்டு போன மறுநாள், வேலை முடிந்து வருகிற வழியில் வெல்டர் அந்த வீட்டுக்குப் போனார். "செடியில பூச்சி இருக்கான்னு பாத்துட்டுப் போறேன்மா" என்றார். மச்சினன் பெண்டாட்டி டீ போட அடுப்படிக்குப் போனாள்.

மகரந்தம் எடுக்கத்தான் வந்திருந்தார். தன் ரோஸ் செடியில் வைத்து அடுத்த காய் பிடிக்கவைக்கலாம் என்று. தீக்குச்சியால் பூவின் நடுவிலிருந்த குட்டி மூடியை நெம்பினார். மஞ்சள் மணிகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தன. இந்த வகைப் பூவுக்கு ஒரு குணம் உண்டு: மூடி போய்விட்டால் தன் ஜோலி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் உதடு சிவந்துவிடும். அப்புறம் வாட வேண்டியதுதான். அதனால்தான் சுவரைப் பார்த்திருந்த கடைசிப் பூவில் கை வைத்தார். ஒரு காய்க்கு ஒரு பூவே தாராளம்.

குச்சியைக் காகிதத்தில் துடைத்தார். கிளம்பியிருக்கலாம். நிமிர்ந்தபோது மற்ற ஆறும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை வெள்ளை. அத்தனை பச்சை. கை அடுத்த பூவுக்குப் போயிற்று. பிறகு அதற்கடுத்ததற்கு.

"டீ ஆறுது அண்ணே" என்று அவள் கூப்பிடும்போது ஏழும் முடிந்திருந்தது.

பொட்டலத்தை மடித்துத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மச்சினன் செடியைச் சுற்றித்தான் கூட்டம். ஏழு வெள்ளைப் பூவும் உதடு சிவந்து, வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருந்தன. நடுவராக வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. குட்டி டார்ச்சை அடித்து ஒவ்வொரு பூவாகப் பார்த்தார், ஆ காட்டு என்று சொல்லாத குறை.

"மூடியெல்லாம் போயிருக்கே. மகரந்தம் எடுத்த பூவைப் போட்டியில சேக்க முடியாது. யாருப்பா எடுத்தது?"

"என் கை பட்டிருச்சு டாக்டர்" என்றான் மச்சினன்.

"ஏழுலயுமா?"

"லாரிக்காரன் கை டாக்டர். பட்டா எல்லாத்துலயும்தான் படும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெல்டர், போட்டிக்கு வைத்திருந்த தன் ரோஸ் செடியின் இலையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இலை.

முதல் பரிசு அழுக்கு ரோஸுக்குப் போயிற்று. வெல்டர் மேடையேறிக் கோப்பையை வாங்கினார். இறங்கி வந்தபோது அவர் செடிப் பக்கம் ஈ காக்கை இல்லை. எல்லாரும் சிவந்த உதட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பரிசு எதுக்கு வேணா குடுக்கட்டும், பூன்னா இதுதான்" என்றார் யாரோ.

மச்சினன் பக்கத்தில் வந்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதப் பொட்டலத்தை எடுத்தான்.

"முட்டை எடுக்கப் போன அக்கா கண்ணுல பட்டிருக்கு. இது யாரு செடியோடதுன்னு அதுக்கா தெரியாது? காலையில என் கையில குடுத்துருச்சு."

வெல்டர் கோப்பையை இடது கைக்கு மாற்றினார்.

"ஒண்ணு போதுமே அத்தான்" என்றான் மச்சினன். குரல் ஏறவில்லை. "ஏழும் எதுக்கு?"

பொட்டலத்தைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு, "சரி, வாங்க. வண்டியில ஏத்தணும்" என்றான்.

லாரியின் முன்பக்கத்தில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். வெல்டரின் பெண்டாட்டி, தன் தம்பியின் பூந்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறிக் கதவைச் சாத்தினாள். வெல்டர் பின்னால் தார்ப்பாயை விலக்கித் தன் செடியை ஏற்றி, அதன் பக்கத்திலேயே சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த சின்னக் கண்ணாடி வழியே அந்த ஏழு பூவும் தெரிந்தன. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆடின. பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினார். திரும்பவும் பார்த்தார். பச்சையாக இருந்ததைவிட இந்தச் சிவப்பு எடுப்பாகத்தான் இருந்தது. அதற்கும் வயிறு எரிந்தது.