கதவுக்கு வெளியே பன்னிரண்டு நிமிடம்

எங்கள் கம்பெனி அலுவலகக் கதவுகளுக்கு மென்பொருள் செய்கிறது. கார்டைக் காட்டினால் கதவருகே உள்ளங்கை அளவுத் திரை ஒன்று விழிக்கும். உள்ளே வரலாமா கூடாதா என்று சொல்லும். ஆறு மாத இன்டர்னாகச் சேர்ந்த என்னிடம் அதில் ஒரே ஒரு திரையை ஒப்படைத்தார்கள். கார்டின் காலம் முடிந்தவர்களுக்கான திரை.

பழையது சிவப்பு. நடுவில் பெரிய பெருக்கல் குறி, கூடவே காதைக் கிழிக்கும் சத்தம். காலம் முடிந்தவர் என்ன திருடரா? சத்தத்தை எடுத்தேன். விடிவதற்குச் சற்று முன் வானத்தில் இருக்கும் நீலத்தைத் தேடிப்பிடித்துப் பூசினேன். இரண்டு வரி எழுதினேன்: ‘உங்கள் அனுமதி முடிந்தது. இதுவரை வந்ததற்கு நன்றி.’

“ரெண்டு வரிக்கு மூணு வாரமா? அதுக்குள்ள நான் மூணு வீட்டுக்கு வயர் இழுத்திருப்பேன்” என்றான் எலக்ட்ரீஷியனான என் அண்ணன்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்தது. சோதனைப் பிரிவில் இருப்பவர் மட்டும் மோவாயைத் தேய்த்தார். எதையும் எளிதில் நம்பாததால் ‘சந்தேகம்’ என்றே அவருக்குப் பெயர்.

“இதப் படிச்சிட்டு ஆளு அடுத்து என்ன பண்ணுவாரு?”

“வீட்டுக்குப் போயிடுவாரு.”

“சரி” என்றார், சரியில்லை என்ற குரலில்.

கடைசி நாளும் வந்தது. என்னை வேலைக்கு எடுத்துக்கொள்வார்களா என்று யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கோ அந்த ஜன்னலோர மேசையும், ஒரு புள்ளி இடமா வலமா என்று அரைநாள் மல்லுக்கட்டும் அந்த மனிதர்களும் வேண்டும்போல இருந்தது.

“இன்னிக்காவது ஏதாவது சொன்னாங்களாடி?” என்று அம்மா காலையிலேயே இரண்டு முறை போன் செய்துவிட்டாள்.

சந்தேகத்திடம் இரவல் வாங்கிய பேனாவைத் தீர்த்துவிட்டிருந்தேன். போவதற்குள் திருப்பித் தரலாம் என்று மதியம் கீழே போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். கார்டைக் காட்டினேன். திரை நீலமாக விழித்தது.

இதுவரை வந்ததற்கு நன்றி.

“என்ன பாப்பா, நீ வரைஞ்ச கதவே உன்ன வெளிய நிறுத்திடுச்சா?” என்றார் காவலாளி.

“சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குண்ணே.”

“அத என்கிட்ட சொல்லி என்ன பண்ண? கதவுகிட்ட சொல்லு.”

நீலம் அழகாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் சண்டையாவது போடலாம். கைகூப்பி அனுப்புகிறவரிடம் என்ன சண்டை போடுவது? வீட்டுக்கும் போக முடியாது. பை உள்ளே, வீட்டுச் சாவி பைக்குள்ளே, அம்மாவும் அண்ணனும் வேலையிலிருந்து வர மாலையாகும். எங்கள் குழுவின் தலைவிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. கண் கரித்தது.

ஆளு அடுத்து என்ன பண்ணுவாரு?

பேனா வாங்கிய ரசீதைத் திருப்பிச் சுவரில் வைத்தேன். திரையை வரைந்தேன். இரண்டு வரிக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று. அதன் கீழே தொட்டால் உள்ளே மணியடிக்கிற ஒரு பொத்தான். காவலாளி எட்டிப் பார்த்து, “பொத்தானப் பெருசாப் போடும்மா. என் தடி விரலுக்கும் சிக்கணும்” என்றார். பெரிதாக்கினேன். எத்தனை நிமிடம் போனதென்று தெரியவில்லை.

கதவு உள்ளிருந்து திறந்தது. சந்தேகம் நின்றிருந்தார்.

“பன்னெண்டு நிமிஷமா உன்னத் தேடுறாங்க. இங்க நின்னு என்ன கிறுக்கிட்டிருக்க?”

அவர் பின்னாலேயே தலைவி ஓடிவந்தார். “ஐயோ, போன மேசையிலேயே விட்டுட்டேன். கார்டு செத்துப்போச்சா? ஒரு ஆளுக்கு ரெண்டு கார்டு இருந்தா நம்ம சிஸ்டம் ஒத்துக்காது. புதுசு போடணும்னா பழசக் கொல்லணும். மூணு மணிக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குள்ள கார்டு போடுற ஆபீஸ்காரங்க அவசரப்பட்டுட்டாங்க.”

“புதுசா?”

“டிசைனர்னு போட்டது. வேண்டாமா?”

ரசீதை நீட்டினேன். அவர் படித்துவிட்டுச் சந்தேகத்திடம் கொடுத்தார். சந்தேகம் மோவாயைத் தேய்க்கவில்லை.

“இது சரி” என்றார். “பேனா எங்க?”

கொடுத்தேன்.

மாலையில் அம்மாவுக்குச் சொன்னபோது போனைப் பிடுங்கியது அண்ணன்தான்.

“மொத வேலையே மூணாவது வரியா? அப்ப ஒரு ஒன்றரை வாரம் ஆகும். நாங்க சாப்பிட்டுத் தூங்கறோம், நீ மெதுவா வா.”

புதுக் கார்டு இயந்திரச் சூடு ஆறாமல் என் கையில் இருந்தது.