பின்பக்கப் பெயர்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால்வெள்ளையாக அடுக்கி வைத்த எண்கள் திங்கட்கிழமை காலையில் ரோஸ் நிறத்தில் இருந்தன.

"யெஸி! இங்க வா. வந்து உன் கைவரிசையைப் பாரு!" கடை முதலாளி டாயில் ஸ்டக்கி போட்ட சத்தம் எதிரே இருக்கும் டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

யெசேனியா தோள்பையைக்கூட இறக்காமல் போய்ப் பார்த்தாள். சிவப்பு டி-ஷர்ட்டுகள். மார்பில் பெரிதாக ஆயிரம் என்ற எண், அதன் கீழே 'நாட்கள். ஒரு காயம்கூட இல்லை.' மாதிரிக்கென்று அடித்த பன்னிரண்டிலும் வெள்ளை எழுத்து, சிவப்புத் துணியோடு சேர்த்துத் துவைத்த கைக்குட்டை மாதிரி ஆகியிருந்தது.

"மையில என்னத்தக் கலந்த?"

"நான் ஒண்ணும் கலக்கல. துணியத் தொட்டுப் பாருங்க டாயில். பருத்தியா இது?"

டாயில் தொடவில்லை. "தள்ளுபடியில வந்துச்சு. எழுநூறு உருப்படி. விடச் சொல்றியா?"

"முழுக்க பாலியெஸ்டர். சூடு பட்டா இதுல இருக்கிற சாயம் மேல எழும்பி மைக்குள்ள ஏறும். டிரையர விட்டு வரும்போது வெள்ளையாத்தான் இருக்கும். ரெண்டு நாள் கழிச்சுத்தான் பல்லக் காட்டும்."

"அப்பச் சூட்டக் கொறச்சுத் தொல."

"கொறச்சா மை வேகாது. ஒரு தடவ துவைச்சா பாளம் பாளமா உரிஞ்சு வரும். அடியில சாயத்தத் தடுக்கிற சாம்பல் மை ஒரு பூச்சு, அது மேல கம்மிச் சூட்டுல வேகுற வெள்ளை. ரெண்டும் வாங்கணும்னு போன வாரமே எழுதிக் கொடுத்தேன். நீங்க சொல்லி விடல."

"படிச்ச பொண்ண வேலைக்கு வெச்சா இப்படித்தான்," என்றார் டாயில், யாரும் இல்லாத சுவரைப் பார்த்து. "கடைசியில தப்பு நம்மளுதாத்தான் இருக்கும்." ஆனால் போனை எடுத்து மைக்காரனைக் கூப்பிட்டார்.

யெசேனியா வேதியியல் படித்தவள். பார்ரியென்டோஸ் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வாங்கியதும் விச்சிட்டாவிலிருக்கும் ஆய்வுக்கூடங்களுக்கு ஒன்று விடாமல் எழுதிப் போட்டாள். அனுபவம் கேட்டார்கள். அனுபவத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்டு எழுதலாமா என்றுகூட யோசித்தாள். மேற்கு கான்சஸில், மாட்டுக்கறித் தொழிற்சாலையை நம்பிக் கிடக்கும் அந்த ஊரில், தொழிற்சாலைக்குள் போகாமல் சம்பளம் வாங்க வழிகள் குறைவு. டாயிலின் பனியன் அச்சுக்கடை அவற்றில் ஒன்று. பள்ளிக்கூட அணிகளுக்கும் தேவாலய முகாம்களுக்கும் அடிப்பார்கள். வருஷத்துக்கு ஒரு பெரிய வேலை தொழிற்சாலையிலிருந்து வரும். இந்த வருஷத்து வேலை இதுதான். வெள்ளிக்கிழமை தொழிற்சாலை காயமில்லாத ஆயிரமாவது நாளைத் தொடுகிறது. ஆளுக்கு ஒரு டி-ஷர்ட், புகையில் வாட்டிய மாட்டு நெஞ்சுக்கறியோடு சாப்பாடு, குலுக்கலில் ஒருவருக்கு பிக்கப் வண்டி.

காயமில்லாத ஆயிரம் நாள். அந்தக் காயம் யெசேனியாவின் வீட்டில்தான் இருந்தது. அம்மாவின் இடது கையில், கட்டைவிரல் அடியில்.

எவ்லாலியா பதினாறு வருஷமாகத் தோள்கறி வெட்டும் வரிசையில் நிற்பவள். காயமில்லாத நாட்களை எண்ணும் வாசல் பலகையில் 971 என்று இருந்த நாளில் கொக்கி நழுவி, கத்தி கையுறையைத் தாண்டி இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற நொஹெமிதான் தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டினாள். ஃபோர்மேன் வந்து பார்த்தான். "இது ஒண்ணும் இல்லதானே எவ்லாலியா? ஒண்ணும் இல்லைன்னு சொல்லு," என்றான். அவளும் சொன்னாள். மறுநாளிலிருந்து அவளைப் பெட்டி மடிக்கும் மேசைக்கு மாற்றினான். வீட்டில் பசைநாடா ஒட்டி, யாரோ கொடுத்த மாத்திரையை விழுங்கி, வெளியே தோல் மூடிக்கொண்டது. உள்ளே கட்டைவிரல் மடங்க மறுத்தது.

அடிபட்ட முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நஷ்டஈடு கிடையாது என்று சாப்பாட்டுக்கூடச் சுவரில் இரண்டு மொழிகளில் ஒட்டியிருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை இருபத்தைந்தாம் நாள்.

"வெள்ளிக்கிழமை விழா முடியட்டும்டி, அப்புறம் சொல்றேன்," என்று அம்மா அன்றைக்கும் சொன்னாள்.

"சனிக்கிழமை முப்பதாம் நாள். ஆபீஸ் பூட்டிக் கெடக்கும். யார்கிட்ட சொல்லுவ, கதவுகிட்டயா?"

"இப்பச் சொன்னா எழுநூறு பேருக்கும் விழா இல்லாமப் போகும். வரிசையில எவ மூஞ்சியில நான் முழிக்கிறது?"

"ஒரு பனியனுக்காக விரலக் கொடுப்பியா?"

"பனியனுக்காக இல்ல. மனுஷங்களுக்காக." அம்மா வலது கையால் பீன்ஸைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "உனக்குப் புரியாது. நீ படிச்சவ."

இதை அம்மா பெருமையாகவும் சொல்வாள், திட்டாகவும் சொல்வாள். அன்றைக்குத் திட்டு.

செவ்வாய்க்கிழமை மை வந்தது. சாம்பலை அடித்து, லேசாக உலர்த்தி, மேலே வெள்ளை அடித்தாள். டிரையரிலிருந்து வந்ததை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள், எழுத்து விரிசல் விடவில்லை. வெந்நீரில் மூன்று தடவை துவைத்தாள். உரியவில்லை, நிறம் ஏறவில்லை. தன் அம்மாவின் காயத்தை இல்லையென்று சொல்லும் எழுத்து கறைபடாமல் இருக்க இத்தனை பாடு படுகிறோமே என்று நினைத்தபோது வாயெல்லாம் கசந்தது. ஆனாலும் வேலை நன்றாக வந்திருப்பதில் கைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை பின்பக்கம். முதுகில் எழுநூறு பேரின் பெயரும் பொடி எழுத்தில் வர வேண்டும். தொழிற்சாலை அனுப்பிய கோப்பிலிருந்து டாயில் ஃபிலிம் எடுத்து, மை இறங்கும் வலைச்சட்டமான ஸ்கிரீனையும் தானே வெளிச்சத்தில் காட்டி வைத்திருந்தார். முதல் அச்சே பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. பாதிப் பெயர்களுக்குக் கால் இல்லை, மீதிக்குத் தலை இல்லை.

"மை கெட்டியா இருக்கு. நல்லா அழுத்தி இழு," என்றார் டாயில்.

"அழுத்தினா மை பரவி எல்லாம் ஈஷிக்கும். ஸ்கிரீன ரொம்ப நேரம் வெளிச்சத்துல விட்டுட்டீங்க. பூச்சு இறுகிப் பொடி எழுத்தெல்லாம் தண்ணியில தொறக்கல."

"அப்ப நீயே செய்."

செய்தாள். பழைய பூச்சைக் கழுவி எடுத்து, புதிதாகப் பூசி, உலரவிட்டு, நேரத்தைக் குறைத்துக் காட்டினாள். தண்ணீரை மெல்லப் பீய்ச்சினாள். ஸ்கிரீனை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது எழுத்து ஒவ்வொன்றும் ஊசியால் குத்தியெடுத்ததுபோல் திறந்திருந்தது. சோதனைக்கு ஒன்று அடித்தாள். சுத்தமாக வந்தது.

அப்போதுதான் அம்மாவின் பெயரைத் தேடினாள். சும்மா, ஒரு ஆசைக்கு.

பார்ரகான். அடுத்த வரி பார்ரோன். நடுவில் இருக்க வேண்டிய பார்ரியென்டோஸ் இல்லை.

இதுவும் அடைப்புதான் என்று ஸ்கிரீனைத் திருப்பி, அந்த இடத்தில் ஈரத் துணியால் துடைத்தாள். இன்னொன்று அடித்தாள். அதே பார்ரகான், அதே பார்ரோன். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எழுத்து அடைத்திருந்தால் அந்த இடம் வெறுமையாக இருந்திருக்கும். இங்கே வெறுமையே இல்லை. வரிகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஃபிலிமை வெளிச்ச மேசையில் போட்டுப் பார்த்தாள். கோப்பைத் திறந்து பார்த்தாள். எங்கும் இல்லை. அச்சில் தப்பு இல்லை. அந்தப் பெயரை யாரும் கொடுக்கவே இல்லை.

மதியம் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி லோர்னா ப்ரூயிட் ஒப்புதல் கொடுக்க வந்தாள். எண்ணைத் தடவிப் பார்த்தாள், முதுகைத் திருப்பிப் பார்த்தாள். "அடடா, ஒவ்வொரு பேரும் எவ்வளவு தெளிவா இருக்கு!"

"ஒரு பேரு விட்டுப் போயிருக்கு மேடம்," என்றாள் யெசேனியா. "எவ்லாலியா பார்ரியென்டோஸ். பதினாறு வருஷமா அங்க இருக்காங்க."

லோர்னா போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இல்லையே, சரியாத்தான் இருக்கு. இது அடுத்த மாசப் பட்டியல். போகப் போறவங்க பேரப் போட்டா நல்லா இருக்காது, பாருங்க. பெட்டி மேசையில ஆளக் கொறைக்கிறாங்க." சட்டென்று தலையைத் தூக்கினாள். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"அவ அம்மாதான்," என்று டாயில் முந்திக்கொண்டார். "பாசத்துல கேக்குறா, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில எழுநூறும் உங்க வாசல்ல இருக்கும்."

லோர்னா போனதும் டாயில் கதவைச் சாத்தினார். "யெஸி, எனக்கும் வருத்தம்தான். ஆனா அது நம்ம பெரிய வாடிக்கை. வாயத் தெறக்காத."

"என் வாய் உங்க ஸ்கிரீன் இல்ல டாயில், அடைச்சு வெக்கிறதுக்கு."

"நாளைக்கு வேலைய விட்டுட்டு அங்க போய் நின்னா இங்க என்னிக்கும் வர வேண்டாம்," என்றார் அவர்.

சாயங்காலம் அம்மாவும் நொஹெமியும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். எப்போதும் நொஹெமி ஒரு வாய் காபி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். யெசேனியா சோதனைக்கு அடித்த டி-ஷர்ட்டை மேசைமேல் விரித்துப் போட்டாள்.

"அழகா இருக்கே!" என்றாள் அம்மா. "என் பேரு எங்க?"

"நீயே தேடு."

அம்மாவின் விரல் பார்ரகானில் நின்றது, பார்ரோனுக்கு இறங்கியது, திரும்ப ஏறியது. மூன்று தடவை ஏறி இறங்கியது. "விட்டுப் போயிருக்கும். இவ்வளவு பேர எழுதுறவங்களுக்கு ஒண்ணு தவறாதா? நீதானே அச்சடிக்கிற, சேத்துடேன்."

"கேட்டேன்மா. அடுத்த மாசம் இருக்கப் போறவங்க பேர மட்டும்தான் போட்டிருக்காங்களாம். நீ ஒண்ணும் இல்லைன்னு சொன்ன. அவங்களும் நீ இல்லைன்னு எழுதிட்டாங்க."

நொஹெமி காபிக் கோப்பையோடு மேசைமேல் குனிந்தாள். மெல்லக் கேட்டாள்: "என் பேரு இருக்கா?"

"இருக்கு. கடைசிக்கு நாலு வரி மேல."

நொஹெமி மூச்சு விட்டது இரண்டு பேருக்கும் கேட்டது. அவளுக்கே அது கேட்டுவிட்டது. முகம் சிவந்தது. "இல்ல, நான் எதுக்குக் கேட்டேன்னா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

அம்மா டி-ஷர்ட்டை ஒற்றைக் கையால் மடிக்கப் பார்த்தாள். அது சரிந்து சரிந்து போயிற்று. "நாளைக்குப் போலாம்," என்றாள். "நீயும் வா. காகிதமெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும்."

வியாழக்கிழமை, இருபத்தெட்டாம் நாள். யெசேனியா கடைக்குப் போகவில்லை. தொழிற்சாலை வாசலில் பலகை 999 என்றது. லோர்னா அம்மாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றாள். அதுவரை இப்படி ஒன்று நடந்ததே தெரியாதது மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு நன்றாக வந்தது.

"என்னால விழா நின்னு போகுமா?" என்று அம்மா கேட்டாள். யெசேனியா அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது.

"அதெல்லாம் நிக்காது. விசாரணை முடியிற வரைக்கும் பலகைய மாத்த மாட்டோம். அதுக்கு ரெண்டு மாசமாவது ஆகும்."

இதையும் யெசேனியாதான் சொன்னாள். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எழுநூறு பேருக்காக என்று பொத்தி வைத்த இருபத்தெட்டு நாளும் யாருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தாலும் நாளைக்கு அதே கறி வெந்திருக்கும், அதே வண்டியைக் குலுக்கியிருப்பார்கள்.

லோர்னா படிவத்தை நீட்டினாள். யெசேனியா நிரப்பினாள். பெயர், தேதி, எந்தக் கை, எந்தக் கத்தி. ஒன்பதாவது வரியில் பேனா நின்றது. நேரில் பார்த்தவர்.

"ஃபோர்மேன் அப்படி எதையும் பார்க்கலைங்கிறாரு," என்றாள் லோர்னா இதமாக. "பார்த்தவங்க யாரும் இல்லேன்னாலும் படிவத்த வாங்கிக்குவோம். ஆனா இன்ஷூரன்ஸ்காரங்க வீட்டுச் சமையலறையில வெட்டிக்கிட்டதுன்னு சொல்லுவாங்க. வழக்கமா அப்படித்தான் சொல்றாங்க."

"என்ன கேக்குறா?" என்றாள் அம்மா.

"யார் பார்த்தாங்கன்னு."

"யாரும் பார்க்கலன்னு எழுது."

"அம்மா."

"அவளுக்கு மூணு புள்ளைங்க. விட்டுட்டுப் போன புருஷன் திரும்பி வரல. என் விரலு போனது போனதுதான். அவ என்னடி பாவம் செஞ்சா? கட்டுப் போட்டதே அவதான். எழுது, யாரும் இல்ல."

யெசேனியா அந்த வெற்று வரியைப் பார்த்தாள். அதை அப்படியே விட்டால் அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்காது. நிரப்பினால் அடுத்த மாசப் பட்டியலில் இன்னும் ஒரு வரி குறையும். இரண்டையும் அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு, லோர்னா தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு மைக்கறைகூடப் படாது. பெயரை எழுதப் போவது யெசேனியாவின் கை.

எழுதினாள். நொஹெமி சால்டிவார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் பதினாறு வருஷமாகப் பக்கத்து லாக்கர் கதவில் பார்த்த பெயர் அது.

"எடு," என்றாள் அம்மா. "அவ பேர எடுடி."

"பேனாவுல எழுதியாச்சு."

அம்மா வலது கையை நீட்டிப் படிவத்தைப் பிடித்தாள். அதற்குள் லோர்னா மறுமுனையைப் பிடித்து, ரொம்பப் பணிவாக, இழுத்துக்கொண்டாள். "நன்றி, எவ்லாலியா," என்றாள். "இனி நாங்க பார்த்துக்கிறோம்."

கார் நிறுத்துமிடம் வரைக்கும் அம்மா முன்னால் நடந்தாள். யெசேனியா கதவைத் திறந்துவிட்டபோது அவள் ஏறவில்லை. மதிய இடைவேளைச் சங்கு ஊத இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"நீ போ," என்றாள் அம்மா. "அவ வெளிய வருவா. நானே சொல்லணும்."