எண்ணெயைத் துடைத்த பிறகும் நின்ற எதிரொலி

1

இந்தக் கதையை அண்ணியிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டேன். ஒரு பட்டறையில், காதுக்கு எட்டாத கேளா ஒலியை அனுப்பி, இரும்புத் தண்டுகளில் விரிசல் உண்டா என்று சோதிப்பவர் அவர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உலோகத்தின் மேற்பரப்பும் மனித மனமும்...’

அண்ணி படித்துவிட்டு, “மனசு கினசெல்லாம் வேண்டாம். இரும்பு இரும்புதான்” என்றார். அடித்துவிட்டேன்.

2

அன்று மேசையில் கிடந்தது, மருத்துவமனை லிஃப்டைத் தூக்கும் சக்கரத்துக்கான தண்டு. அண்ணி அனுப்பும் அலை இரும்பின் ஆழத்துக்குப் போகாது. தோலை ஒட்டியே ஓடும். வழியில் விரிசல் இருந்தால் திரும்பிவந்து திரையில் முள்ளாக எழும்.

[கருவியிலிருந்து அலை இரும்புக்குள் இறங்க எண்ணெய் தடவ வேண்டும். அதில் ஒரு சொட்டு அலை ஓடும் பாதையில் சிந்தினால், அதுவும் அலையைத் திருப்பிவிடும். போன மாதம் அப்படியொரு சொட்டை விரிசல் என்று நம்பி, நல்ல தண்டைக் கழித்துவிட்டார் அண்ணி. இன்னொரு தடவை தவறினால் சோதனை மேசை வேறு ஆளுக்கு என்று மேலாளர் சொல்லியிருந்தார்.]

இப்போதும் முள் எழுந்தது.

தண்டை இயந்திரத்தில் தேய்த்து மெருகேற்றியவர் பக்கத்திலேயே நின்றார். அவர் தேய்த்த இரும்பில் முகம் பார்க்கலாம் என்பதால் பெயர் பளபளா.

“என்ன தங்கச்சி, மறுபடியும் எண்ணெயா? தலைக்குத் தேய்ச்சுட்டு நேரா இங்க வந்துட்டியா?”

“மூணு தரம் துடைச்சாச்சுண்ணே. நீங்கதான் தேய்க்கிற அவசரத்துல சூடேத்தி விரிசல் விட வெச்சுட்டீங்க.”

“நானா? கண்ணாடி மாதிரி இருக்கு, பாரு!”

“கண்ணாடி மாதிரிதான் இருக்கு. அதான் பயமா இருக்கு.”

3

பளபளாவை வில்லனாக்கப் பார்த்தேன். ‘அவர் கண்களில் ஒரு குரூரம்...’

(வாக்கியம் நின்றுவிட்டது. துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்ததே அவர்தானாம்.)

அண்ணி விரலை எண்ணெயில் தொட்டு, அலை ஓடும் பாதையில் வைத்து மெல்ல நகர்த்தினார். விரல் அலையை உறிஞ்ச, முள் குறுகியது. ஓரிடத்தைத் தாண்டிய பிறகு, எவ்வளவு அழுத்தினாலும் அது அசையவில்லை. அலை அதற்கு முன்பே திரும்பிக்கொண்டிருந்தது. அந்த இடத்தை மறுபடி துடைத்தும் முள் போகவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

இருவரும் பேசாமல் நின்றார்கள். [இந்த மௌனத்துக்கு அரைப் பக்கம் எழுதினேன். இந்த ஒரு வரியைத்தான் விட்டுவைத்தேன்.]

“கழிக்கணும்னு எழுதி, விரிசல் இல்லேன்னா உன் மேசை போயிடும், தங்கச்சி.”

“எழுதலேன்னா?”

‘கழிக்கவும்’ என்று எழுதி அண்ணி கையெழுத்திட்டார்.

4

மறுநாள் தண்டை வெட்டிப் பார்த்தார்கள். நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மயிரிழை போல விரிசல். பளபளா தலை குனிகிறார். மற்றதில் இரும்பில் ஒரு குறையும் இல்லை. அண்ணி மேசையைக் காலி செய்கிறார். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டையும் அண்ணியிடம் காட்டினேன்.

“கையெழுத்து போட்டது முந்தின நாள்” என்றார். “அப்ப எனக்கு என்ன தெரியுமோ அதோட நிறுத்து. படிக்கிறவங்க கையெழுத்து போடுவாங்களான்னு பாப்போம்.”

நிறுத்திவிட்டேன். அந்த லிஃப்டில் யார் ஏறப்போகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது. போடுங்கள், அல்லது போடாமல் விடுங்கள். வெட்டுவது நாளைக்குத்தான்.