சயிலெலெவிம் என்ற தெய்வம்

ஞாயிற்றுக்கிழமை மேயர் வந்து அருங்காட்சியகத்தின் புதுக் கூடத்தைத் திறக்கப்போகிறார். 'பேசும் கூஜாக்கள்' என்று வாசலில் பலகைகூட மாட்டியாகிவிட்டது. ஓர்னெல்லாவுக்குத்தான் மனசே சரியில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவள் சில்லு சில்லாக ஒட்டிய கறுப்புக் கூஜாவை மட்டும் நிலவறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டான் இயக்குநர் செத்திமியோ.

காரணம் ஊருக்கே தெரியும். ரோமர்களுக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் வலமிருந்து இடமாக எழுதியவர்கள். கூஜாவே பேசுகிற மாதிரி 'மி', அதாவது 'நான்' என்று தொடங்கி, உடையவர் பெயரைக் கீறிவைப்பார்கள். இந்தக் கூஜாவின் வயிற்றில் இருந்ததோ 'சயிலெலெவிம்'. செத்திமியோ சும்மா இருந்திருக்கலாம். யாரும் அறியாத தெய்வத்தின் பெயர் அது என்று நாற்பது பக்கம் எழுதித் தொலைத்தான். ரோமில் பேராசிரியர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அதைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.

"பேசுற கூஜாதான் இங்க இருக்கணும். இது உளறுது, கீழ கொண்டு போ."

"உளறினது கூஜாவா, நீயா?"

"பள்ளிக்கூடத்துல உன் பக்கத்துல உக்காந்த பாவம், இன்னும் தீரலையே எனக்கு."

"இருபது வருஷமா உனக்குக் கூஜா தூக்கறேன். இதைச் சொல்லக்கூட உரிமை இல்லையா?"

அவன் சிரித்துவிட்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். ஓர்னெல்லா கூஜாவைக் குழந்தையைப் போல எடுத்துக்கொண்டு நடந்தாள். கண்ணாடிப் பேழையைக் கடக்கும்போது அதில் கூஜாவின் பிம்பம் விழுந்தது, எழுத்துகள் இடவலம் மாறி. பழகிய கண், தானாக வலமிருந்து படித்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"செத்திமியோ, இங்க வா. கூஜாவைப் பாக்காத, கண்ணாடியைப் படி."

கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "மி... வெலேலியாஸ்." குரல் இறங்கிவிட்டது. "நான் வெலேலியாவுடையது."

கீறியவர் ஊரோடு ஒத்துப்போகாமல் இடமிருந்து வலமாக எழுதியிருக்கிறார். இவர்கள் ஊர் வழக்கப்படி வலமிருந்து படித்துத் தெய்வத்தை உண்டாக்கிவிட்டார்கள்.

ஓர்னெல்லா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் நாற்பது பக்கமும் பிழைத்துக்கொள்ளும், கூஜா நிலவறைக்குப் போய்விடும்.

செத்திமியோ அவள் கையிலிருந்து கூஜாவை வாங்கினான். பேழையில் நடுவில் நின்ற அழகான கூஜாவை ஓரமாக நகர்த்திவிட்டு, இதை அங்கே வைத்தான்.

"நாப்பது பக்கம் போச்சேடா."

"போகட்டும். நெசமாவே தெய்வமா இருந்தா, அவனுங்க சிரிச்சப்பவே வந்து காப்பாத்தியிருக்குமே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் பேழைப் பக்கம் குனிந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னான்:

"வெலேலியா, இத்தனை நாளா உன் பேரைத் தப்பாச் சொல்லிட்டோம். மன்னிச்சுக்கம்மா."