ஒரு ஹேர்ட்ஸ் கூடப் பிசகவில்லை

நானா என்று நான் கூப்பிடும் என் அண்ணன் மெல்பேர்னிலிருந்து அனுப்பும் சமிக்ஞை சில வாரங்களாக வரவில்லை. பிழை என் ரேடியோவில்தான் என்று நான் அடித்துச் சொன்னேன்.

நானும் அவரும் பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள். எங்கள் வாப்பாவின் அக்குறணை வீட்டை விற்கிற பேச்சு வந்தபோது, ஊரைவிட்டுப் போகிறவருக்கு வீட்டில் என்ன கதை என்று கேட்டுவிட்டேன். அதோடு பேச்சு முறிந்தது. ஆனாலும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவருடைய சின்னப் பெட்டி, டோர்ச் பல்புக்குக்கூடக் காணாத சக்தியில், தன் அடையாளத்தை மிக மெதுவான மோர்ஸில் அனுப்பும். காதுக்குக் கேட்காது, என் கணினித் திரையில் மெல்லிய கோடாக விழும். கோடு விழுந்தால் நானா சுகமாக இருக்கிறார். எனக்கு அது போதுமாக இருந்தது.

திரை காட்டுவது ஒடுங்கிய ஓர் இடுக்குதான். ரேடியோ கொஞ்சம் பிசகினாலும் கோடு வெளியே போய்விடும். மஹய்யாவையில் இருக்கும் என் கூட்டாளி கிறகரி, ஃபோன் எடுத்துக் கேட்டால் முடிந்ததே என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்த மழையில் எந்த ரேடியோதான் பிசகாது? ஜிபிஎஸ் செய்மதிகளைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அதிர்வெண் பெட்டி ஒன்றை வரவழைத்தேன்.

நாலு பக்கமும் மலை. அன்டெனாவைக் கூரைத் தகரத்தில் வைத்து, செய்மதிகள் பிடிபடும்வரை நனைந்தேன். பெட்டியை நம்பலாமா என்று பார்க்க அதிர்வெண் மீட்டரில் கொடுத்தேன். கடைசி இலக்கம்கூட அசையவில்லை. பெருமையாக கிறகரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மீட்டரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். மீட்டருக்கு அளவுகோலாகவும் நான் அதே பெட்டியைத்தான் கொடுத்திருந்தேன்.

"அதுகிட்டயே கேட்டு அதையே அளக்குறீங்களே அகீல்," என்றார். "எப்படி பிழை காட்டும்?"

வெட்கமாக இருந்தது, ஆனால் ஒரு சந்தோஷமும் வந்தது. பெட்டி பொய்யாக இருக்கலாம், அது தெரியும்வரை ஃபோன் எடுக்க வேண்டியதில்லை. கிறகரி தன் வீட்டிலிருந்த றுபீடியம் பெட்டியைத் தூக்கிவந்தார். அது செய்மதியை நம்பாமல் தானாக நேரம் பிடிப்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓடவிட்டோம். அடுத்த நாளும் பார்த்தோம். இரண்டும் ஒன்றையே சொல்லின. புதுப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

பிறகு அதன் சமிக்ஞையை என் ரேடியோவுக்குள் விட்டோம். கோடு திரையில் விழவேண்டிய இடத்திலேயே விழுந்தது. நான் வயரைக் கழற்றி மாட்டினேன். ரேடியோவை அணைத்துச் சூடேற்றி மறுபடி பார்த்தேன். அதே இடம்.

"ரேடியோ நல்லாத்தான் இருக்குங்க," என்றார் கிறகரி. "அந்தப் பக்கம் யாரும் அனுப்பல."

அவர் போனபின் ஃபோனை எடுத்தேன். மதினி எடுத்தார்.

நானாவின் தலையில் கட்டியாம். ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாதென்று தடுத்துவிட்டாராம். ஒபரேஷனுக்கு நாள் குறித்ததும் அந்தச் சமிக்ஞைப் பெட்டியைத் தன் கையாலேயே நிப்பாட்டினாராம்.

"அது நிண்டா தம்பி கோல் எடுப்பான் எண்டு செல்லிக்கொண்டே ஈந்தார்," என்றார் மதினி. "நீங்களே எடுங்களேன் எண்டேன். சின்னவன்தானே முதல்ல ஸலாம் செல்லோணும் எண்டார். தியேட்டருக்குள்ள போற வரைக்கும் ஃபோன கையில வெச்சிக்கொண்டு ஈந்தார்."

ஒபரேஷன் முடிந்து உயிர் தப்பியது. பேச்சு போய்விட்டது. யாரையும் தெரியவில்லை.

நானாவின் காதில் ஃபோனை வைக்கச் சொன்னேன். ஸலாம் சொன்னேன். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. இன்னொரு தடவை சொன்னேன்.

மதினிதான் ஃபோனை வாங்கிப் பதில் ஸலாம் சொன்னார்.