விளக்கேந்திக்கு ஒரு ஓட்டு

பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அந்தப் பெண்ணுக்கு, அவள் கைப்பேசியில் ஆடும் விளையாட்டில் மின்மினி என்று பெயர். அதில் அவள் உயிரையே வைத்திருந்த பாத்திரம் விளக்கேந்தி. வாள் கிடையாது, வில் கிடையாது. இருட்டுக் குகையில் முன்னால் நடந்து மற்றவர்களுக்கு வழிகாட்டுவாள், அவ்வளவுதான்.

ஆடுபவர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்துக்கு ஓட்டுப் போடும் போட்டி வந்தது. இறுதிச் சுற்றில் விளக்கேந்திக்கு எதிரே கோடரிக்காரன். மின்மினி சும்மா இருப்பாளா? சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து, முகம் காட்டாமல் குரலை மட்டும் பதிவு செய்து ஆடுபவர்களின் குழுவில் போட்டாள்.

"சண்டை போடத் தெரியாதவளுக்கும் ஒரு ஓட்டு போடுங்கப்பா! அவ இல்லன்னா எல்லாரும் குகையில மண்டைய மண்டைய முட்டிக்கிட்டு நிப்பீங்க!"

கேட்டவர்கள் சிரித்தார்கள். ஓட்டு குவிந்தது. பின்தங்கிக் கிடந்த விளக்கேந்தி கோடரிக்காரனை எட்டிப் பிடித்தாள்.

அன்று மாலையே முகம் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு படம் வந்தது. மருத்துவமனை வாசல். கீழே ஒரு வரி: "நீ வேலை பாக்குற இடம் தெரியும். வாய மூடு."

மறுநாள் வந்தவர்களிடமெல்லாம் "வாயைத் திறங்க" என்று சொல்லும்போது அவள் நாக்குதான் ஒட்டிக்கொண்டது. இவனா? இல்லை, அந்த மூலையில் உட்கார்ந்து முறைக்கிறானே, அவனா?

பேருந்து ஓட்டும் அக்காவிடம் வீட்டில் சொல்லிவிட்டாள்.

"கோடரியத் தூக்கிட்டு வரட்டும், டிக்கெட் எடுக்காம உள்ள விடமாட்டேன்" என்றாள் அக்கா. சிரித்தபடி சொன்னாலும், எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் தங்கையின் பயம் இரட்டிப்பானது.

அடுத்த நாள் அக்கா விடுப்பெடுத்து மருத்துவமனையில் வந்து உட்கார்ந்தாள். மதியம் ஓர் இளைஞன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்தான்.

"நீங்க மின்மினிதானே?"

நோயாளிக்குப் போர்த்தும் ஈயக் கவசம் அவள் கையிலிருந்து நழுவித் தொப்பென்று விழுந்தது. சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஐயோ, அடிச்சிடாதீங்க! நானும் விளக்கேந்தி ஆளுதான்" என்று அவன் அலறினான். "போன வாரம் பல்லு காட்ட வந்தேன். இவங்க ஓட்டு கேட்டுப் போட்ட பேச்சக் கேட்டதும் அதே குரல்னு கண்டுபிடிச்சிட்டேன். சந்தோஷத்துல அன்னிக்கே வந்து வாசலப் படம் எடுத்து நம்ம குழுவுல போட்டேன். யாரோ அத கோடரிக்காரன் பக்கம் கொண்டு போயிட்டாங்க."

"அழிச்சிட்டியா?" என்றாள் மின்மினி.

"அழிச்சிட்டேன். ஆனா எத்தனை பேர் எடுத்து வச்சிருக்காங்கன்னு தெரியல."

அவன் மன்னிப்புக் கேட்டுப் போனான். எதிரி செய்திருந்தால்கூட மின்மினி இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். தன்னைக் கொண்டாடியவனே காட்டிக்கொடுத்திருக்கிறான், அதுவும் ஆசையாக.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். ஓட்டுக்குக் கடைசி நாள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி பேசினாள் மின்மினி. "விளக்கேந்திக்குப் போடுங்க. யாருக்குப் போட்டாலும், தயவுசெஞ்சு யாரையும் தேடிப் போகாதீங்க."

விளக்கேந்தி தோற்றாள். கோடரிக்காரன் ஆட்கள் கொண்டாடிவிட்டு அடுத்த போட்டிக்குப் போய்விட்டார்கள். மிரட்டியவன் அவளை மறந்தே போயிருப்பான். யாரும் வரவில்லை.

ஆனாலும் மருத்துவமனையில் அவள் இப்போதெல்லாம் கிசுகிசுத்துத்தான் பேசுகிறாள். "என்ன சொன்னீங்க? கேக்கலியே" என்று கேட்பவர்களிடம், வாயைத் திறக்கும்படி கையால் சைகை காட்டுகிறாள்.