ஐந்தாம் மாடியில் சிறுபோகம்

இலங்கையின் வடக்கே பரந்தனில் கதிர்காமநாதனுக்கு இருந்த அரை ஏக்கர் நெல்வயல், ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிராங்பேர்ட் நகரத்து அலுவலகக் கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடிக்கு வந்து சேர்ந்தது. வரம்போடும் தண்ணீரோடும் வந்தது. முழங்கால் உயரத்துக்கு நின்ற பயிரில் ஒரு தாள்கூடச் சாய்ந்திருக்கவில்லை. கூடவே இரண்டு கொக்குகளும் வந்தன. அவற்றுக்கு விசா உண்டா என்று முதல் வாரம் ஒருவரும் கேட்கவில்லை, இரண்டாம் வாரம் கேட்டார்கள். வயல் இருந்த இடத்தில், பரந்தனில், அந்த ஐந்தாம் மாடி போய் இறங்கியிருந்தது. சாம்பல் நிறக் கம்பளம், நீண்ட மேசை, சுழல் நாற்காலிகள், கண்ணாடிச் சுவர், கோப்பி இயந்திரம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. மின்கம்பி எதுவும் அதற்குப் போகவில்லை. ஆனாலும் குளிரூட்டி ஓடியது, கோப்பியும் வந்தது. ஊர்ச்சனம் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

அந்த மாடியில் இருந்தது நாளைய உணவுக்கான ஆலோசனை நிலையம். வளர்ந்துவரும் நாடுகள் தங்கள் சனங்களுக்கு எப்படிச் சோறு போடலாம் என்று அந்த நாடுகளுக்கே எழுதிக் கொடுப்பது அதன் தொழில். வருடத்துக்கு ஒரு நாடாவது அதன் அறிக்கையின்படி பசியிலிருந்து மீண்டுகொண்டிருந்தது. மீண்ட நாடுகள் மறு வருடம் திரும்பவும் மீள வேண்டியிருந்ததால் வேலைக்கு ஒருபோதும் குறை வந்ததில்லை. நிலையத்தில் மூத்த ஆய்வாளராக இருந்த சிவசக்தி பரந்தனில் பிறந்தவள். பள்ளிக்கூடம் போகும் வயதில் ஜேர்மனியின் எசன் நகரத்துக்கு வந்து, விவசாயப் பொருளாதாரம் படித்து, நல்ல சம்பளத்தில் இருந்தாள். கதிர்காமநாதன் அவளுக்குச் சித்தப்பா. வயல் ஏன் வந்தது என்பது கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வரச்சொல்லி எழுதியவளே அவள்தான்.

அதை எழுதிய கதை இது. பரந்தன் பக்கத்தில் மாரி மழையில் செய்வது காலபோகம். அப்போது எல்லா வயலும் விதைபடும். கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் காணாது. ஆகவே கமக்காரர்கள் கூட்டம் கூடி, ஒரு வருடம் வாய்க்காலின் இந்தப் பக்கத்தை விதைப்பார்கள், மறு வருடம் அந்தப் பக்கத்தை. விதைத்த பக்கத்து வயல்களில், விதைக்காத பக்கத்துக்காரருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். காணி யாருடையதாக இருந்தாலும் தண்ணீர் எல்லாருடையது என்பது கணக்கு. சிவசக்தி இதை முதல் வரைவில் ஒரு பக்கத்துக்கு அழகாக எழுதியிருந்தாள். இயக்குநர் லாரா அதை இரண்டு தரம் வாசித்து, மிகவும் நெகிழ்ந்துபோய், அட்டவணையில் இதற்கு இடமில்லையே என்றாள். அட்டவணைப் பெட்டிக்குள் இரண்டு சொற்களில் ஒன்றைத்தான் போடலாம்: பயன்படும் நிலம், பயன்படாத நிலம். வானத்திலிருந்து எடுத்த படத்தில், முந்தைய வருடம் ஓய்வாகக் கிடந்த சித்தப்பாவின் வயல் பழுப்பாகத் தெரிந்தது. சிவசக்திக்கு உண்மை தெரியும். இருந்தும் அன்று வெள்ளிக்கிழமை, எசனுக்குப் போகிற ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பயன்படாத நிலம் என்று போட்டுவிட்டு எழும்பினாள்.

அறிக்கையின் கடைசிப் பரிந்துரை, பயன்படாத நிலங்களை எங்கே அதிகம் பயன்படுமோ அங்கே நகர்த்த வேண்டும் என்பது. அதை எழுதியவர்கள் நிலம் என்று சொன்னது காகிதத்து நிலத்தை. வயலுக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. அறிக்கை ஏற்கப்பட்ட மறுநாள் அது சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிளம்பிவிட்டது. அந்த வயலை வைத்து உலகத்திலேயே அதிகம் சாப்பிட்டவர்கள் ஐந்தாம் மாடிக்காரர்கள்தான் என்பதால் வழி தெரியாமல் அலையவும் இல்லை.

நிலையம் முதலில் திகைத்தது, பிறகு பெருமைப்பட்டது. பரிந்துரை ஒன்று நிறைவேறியது அதுவே முதல் தடவை. விருந்தினர்கள் வந்தார்கள், நாடா வெட்டினார்கள். வரம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஊழியர்கள் மின்தூக்கி வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு, மடிக்கணினியை உயர்த்திப் பிடித்தபடி தங்கள் இடத்துக்கு நடந்தார்கள். கோயம்புத்தூர்ப் பையன் ஸ்ரீஹரி, நிலையத்தின் கணினி மாதிரிகளைச் செய்கிறவன், சேற்றுக்குள் நின்றுகொண்டே திரையைக் காட்டி, "மேடம், நம்ம மாடல்படி இந்த ஃபீல்டு இன்னும் பரந்தன்லதான் இருக்கு. டேட்டா க்ளீனா இருக்கு, பயப்படாதீங்க" என்று சிவசக்திக்குத் தைரியம் சொன்னான். அவனுடைய கால் கட்டைவிரலை ஒரு நண்டு பிடித்திருந்தது.

வயல் கொண்டுவந்த தண்ணீர் ஆடி பிறந்தபோது வற்றத் தொடங்கியது. பயிர் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டது. உள்ளே கதிர் கருக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வரும், மணி வராது. எல்லாம் பதராகப் போய்விடும். அந்த அரை ஏக்கரில் சித்தப்பாவோடு இன்னும் நாலு குடும்பங்களுக்குப் பங்கு இருந்தது. அவர்களுடைய அடுத்த ஆறு மாதச் சோறு அது. சிவசக்தி கழிவறைக் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தாள். நாலாம் மாடியில் வரி ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தலையில் ஒழுகினால் யார் பொறுப்பு என்று கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் வாளியைப் பறித்துக்கொண்டான். முறைப்படி தண்ணீர் கேட்டு அன்ட்ராக் என்ற விண்ணப்பம் கொடுத்தாள். அதைப் பரிசீலிக்க டெர்மின் என்று ஒரு நாள் கிடைத்தது, புரட்டாதியில். அறுவடை ஆவணியில். இதற்கிடையில் லாரா, வறட்சியைத் தாங்கும் திறன் பற்றி ஐந்தாம் மாடியிலேயே ஒரு கருத்தரங்கு வைத்தாள். வந்தவர்கள் எல்லாருக்கும் வரம்பில் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் வைத்திருந்தது. சிவசக்தி மிஞ்சிய போத்தல்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக வேரில் ஊற்றினாள். நிலம் அதைக் குடித்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதுவரை சித்தப்பாவோடு பேசாமல் ஒளித்துத் திரிந்தவள் அன்று வரம்பில் குந்தியிருந்து தொலைபேசி எடுத்தாள். அவர் பழைய ஐந்தாம் மாடிக்குள், சுழல் நாற்காலியில் இருந்தார். திரையில் அடிக்கடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"என்ன பிள்ளை, பயிர் சுகமா நிக்குதோ?"

"இல்லைச் சித்தப்பா, காயுது. தண்ணி விடினமில்லை. நான்தான் எல்லாத்துக்கும் காரணம். பயன்படாத காணி எண்டு எழுதினது நான்தான்."

"அதேன் பிள்ளை அப்பிடி எழுதினனி?"

"பெட்டியிலை வேறை சொல்லுக்கு இடம் இருக்கேல்லை."

கதிர்காமநாதன் நாற்காலியை நிறுத்தினார். "அது சும்மா கிடக்கேல்லை. மற்றப் பக்கத்துக்கு முறை விட்டுக் கிடந்தது. நீ சின்னனா இருக்கேக்கை வந்து நிண்டு பாத்தனிதானே" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கொக்குகளுக்கு முன்னால் வெட்கமில்லாமல் அழுதாள்.

மறுநாள் பரந்தனில் கமக்காரர் கூட்டம் அந்த மாடியிலேயே கூடியது. இவ்வளவு காலமும் வேப்பமரத்தடியில் நின்று கத்தியவர்கள், நீண்ட மேசையைச் சுற்றி இருந்து, கையில் கோப்பியோடு கத்தினார்கள். அந்த மேசையில் இருந்தவர்கள் யாராயினும் பிறநாட்டைப் பற்றித் தீர்மானிப்பதே வழக்கம் என்பதால், பேச்சு தானாகவே பிராங்பேர்ட்டுக்குத் திரும்பியது. அந்த ஊரில் மூன்று நாள் லொறி வராவிட்டால் கடையில் ஒன்றும் இராதாம் என்றார் ஒருவர். சொந்தமாக ஒரு பிடி நெல்லும் இல்லாத நகரம் என்று இன்னொருவர் சொல்ல, கூட்டம் உச்சுக்கொட்டியது. குளத்தில் தண்ணீர் குறைவு, கடல் தாண்டிப் போன வயலுக்கு எப்படிப் பாய்ச்சுவது என்ற கேள்விக்கு, பங்குக்காரரில் ஒருத்தியான கமலநாயகி எழும்பி நின்றாள். "வயல் எங்கை நிண்டாலும் பங்கு பங்குதான். ஜேர்மனிக்குப் போனாப்போலை அதுக்குத் தண்ணி விடாய்க்காதோ?" என்றாள். ஒவ்வொரு வயல்காரரும் தன் தண்ணீர் முறையில் கொஞ்சம் விட்டுக் கொடுப்பதாகத் தீர்மானம். அதனால் தங்கள் விளைச்சல் குறையும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் கை உயர்த்தினார்கள். கோப்பி ஆறுமுன் கூட்டம் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் காலை ஐந்தாம் மாடியில் மின்தூக்கிக் கதவு திறந்தது, உள்ளிருந்து வாய்க்கால் தண்ணீர் வந்தது. கலங்கலாக, கெண்டைக் குஞ்சுகளோடு, அவசரப்படாமல் வந்து வயலை நிரப்பிவிட்டு, கதவு மூட நின்றது. நாலாம் மாடிக்கு ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஹவுஸ்மைஸ்டர் கட்டட விதிகளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினான். குழாயால் வரும் தண்ணீருக்கும் கூரையால் வரும் தண்ணீருக்கும் விதி இருந்தது. முறைக்கு வரும் தண்ணீருக்கு இல்லை. அவனுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். அதன்பிறகு மடை பார்க்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான்.

ஆவணியில் நெல் முற்றியது. அரிவு வெட்ட எசனிலிருந்தும் கொலோனிலிருந்தும் ஒரு வான் நிறையத் தமிழ்ச்சனம் வந்தது. பல்வைத்தியர் ஒருவர், பலசரக்குக் கடைக்காரர் இருவர், ரயில் ஓட்டுநர் ஒருத்தி. எல்லாரும் சின்ன வயதில் வெட்டியதாகச் சொன்னார்கள். வெட்டிய விதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. லாராவும் வெட்டினாள், விரலையும் வெட்டிக்கொண்டாள். சுங்கக்காரர் மூட்டைகளை ஊருக்கு அனுப்ப விடவில்லை. நெல் பிராங்பேர்ட்டில் விளைந்தது என்றால் நம்ப மறுத்தார்கள், பரந்தனில் விளைந்தது என்றால் அனுமதியில்லாமல் உள்ளே வந்த பொருள் என்றார்கள். சிவசக்தி தொலைபேசியில் சித்தப்பாவிடம் இதைச் சொன்னாள். அஞ்சு குடும்பத்துச் சோற்றை அவள் ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில் கடல் கடத்திவிட்டாள்.

"எங்களுக்கு மற்ற வயலுகளிலையிருந்து பங்கு அளந்து தருகினம், நீ யோசியாதை" என்றார் அவர். "அதை அவிச்சுக் குத்தி அங்கத்தை ஆக்களுக்குக் குடு. எத்தினை வருசமா ஒண்டும் விதையாமல் இருந்திருக்குதுகள், பாவங்கள்."

அந்தக் கிழமை நிலையத்தில் எல்லாரும் மதியம் சோறு சாப்பிட்டார்கள். லாரா கட்டுப்போட்ட விரலோடு இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாள். பரந்தன் கூட்டத்தின் தீர்மானத்தில் பிராங்பேர்ட் ஐந்தாம் மாடி, உதவி பெறும் குடியிருப்பாகப் பதிவானது. கார்த்திகையில் மாடிக்குள் பருவமழை பெய்தது. கட்டடத்துக்கு வெளியே பனி கொட்டியது. ஊழியர்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே குடையைக் கொண்டுவரப் பழகிக்கொண்டார்கள்.

மறு வருடம் சிறுபோகக் கூட்டத்துக்கு சிவசக்தி வரம்பில் இருந்தபடி திரை வழியாகப் போனாள். குளம் முன்னையிலும் வற்றியிருந்தது. முறையும் வாய்க்காலின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. பிராங்பேர்ட் இந்தக் கோடை ஓய்வாகக் கிடக்க வேணும், விதைக்கவும் கூடாது, எழுதவும் கூடாது என்றார் கதிர்காமநாதன். சிவசக்தி அதை மொழிபெயர்த்துச் சொல்ல, பக்கத்தில் இருந்த லாராவின் முகம் வெளிறியது. அப்போது எங்களுக்கு ஒன்றும் கிடைக்காதா என்று கேட்டாள். மறுபக்கத்து வயலில் அவர்கள் பெயருக்கும் ஒரு பங்கு பிரித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. விதைக்காதவர்களுக்கு எதற்குப் பங்கு என்று லாரா கேட்கவும், சிவசக்தி ஒரு வருடத்துக்கு முன் தான் எழுதி வெட்டப்பட்ட அந்தப் பக்கத்தை மனத்திலிருந்து அப்படியே சொன்னாள். முன்பு இரண்டு தரம் வாசித்ததை லாரா மூன்றாம் தரமாகக் காதால் கேட்டாள். இந்த முறை கையை உயர்த்தினாள்.

அந்தக் கோடை முழுவதும் ஐந்தாம் மாடி வெட்டி மிஞ்சிய அரிதாளோடு கிடந்தது. கொக்குகள் மேய்ந்தன. ஸ்ரீஹரி மாடலை மூடிவைத்துவிட்டு நண்டு பிடிக்கப் பழகினான். எந்த நாட்டுக்கும் ஒரு அறிக்கையும் போகவில்லை. அதனால் எங்காவது யாராவது பட்டினி கிடந்ததாகத் தகவல் இல்லை.

ஆடி கடைசியில் கட்டட உரிமையாளர் அனுப்பிய ஒருவர் கையில் தட்டையான கணினியோடு வந்தார். மாடி பயன்பாட்டில் இருக்கிறதா, பயன்படாமல் கிடக்கிறதா என்று கேட்டார். பெட்டிக்குள் இரண்டில் ஒன்றைத்தான் போடலாம், தான் ரயிலுக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார். சிவசக்தி அவரைக் காய்ந்த வரம்பில் உட்காரவைத்து, போத்தலில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு குளத்திலிருந்து தொடங்கி, வாய்க்காலின் இரண்டு பக்கத்தையும், கூட்டத்தையும், பங்கையும், கமலநாயகி எழும்பி நின்றதையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் போகவேண்டிய ரயில் போய்விட்டது, அதற்கடுத்த ரயிலும் போனது. அவர் இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுத்துக்கூட்டி, முறை விட்டுக் கிடக்கிறது என்று பெட்டிக்குள் போட்டார். பெட்டி அதற்குத் தக்கபடி அகன்று கொடுத்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்தூக்கி வாசலில் கழற்றிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அடுத்த வருடம் எப்போது விதைப்பு என்று கேட்டுவிட்டுப் போனார்.